ஆவி படிந்த கண்ணாடிமுன் மீசைக்காரர் புரிந்த பெரும்போர்

வாழ்க மீசைக்காரர்! இருபுறமும் கருங்காடு தழைத்த மேலுதட்டுப் பெருநாட்டின் தனிப்பெரு வேந்தர் வாழ்க! நெடுங்காலம் வானொலிப் பெட்டிக்குள் உருவமின்றி ஒலித்து, மழையை மழையென்றும் வெயிலை வெயிலென்றும் அஞ்சாது அறிவித்த வானிலை வாசிப்பாளர். காற்றில் ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று நாள்தோறும் நாடறிய முழங்கியும், ஈரப்பதம் என்றால் என்ன என்று ஒருநாளும் ஒருவரையும் கேட்டறியாத மாசற்ற மனத்தினர் வாழ்க, வாழ்க!

இன்று அவருக்குத் தொலைக்காட்சியில் முதல் நாள். "குரலெல்லாம் அப்புறம் சார். அந்த மீசை கேமரா முன்னாடி வந்து நின்னா போதும்" என்று சொல்லித்தான் நிலையத்தின் இயக்குநர் அவரை அழைத்திருந்தார். தெருமுனை விளம்பரப் பலகையில் முகத்தைச் சிறிதாகவும் மீசையைப் பெரிதாகவும் ஏற்றியும் விட்டார். ஆகவே, நுனியில் துருத்திநின்ற கலகக்கார மயிர்கள் சிலவற்றை அடக்கும்பொருட்டு, கத்தரி ஏந்திக் காலையில் குளியலறை புகுந்தார் வேந்தர். புகுந்தவர் நேரே கண்ணாடிமுன் நின்றிருந்தால் இக்காவியத்துக்கு வேலையில்லை. வெந்நீரில் ஊறினால் மயிர் மெத்தென்றாகும், மெத்தென்றானால் கத்தரிக்குப் பணியும் என்று அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. கொதிக்கக் கொதிக்க வாளி வாளியாக ஊற்றிக் குளித்தார்.

அங்கே பிறந்தான் பகைவன்.

அவன் குலவரலாற்றைக் கேளுங்கள்! உறைந்தால் பனிக்கட்டியெனக் கல்லாய்க் கிடப்பான். உருகினால் நீரென்று பெயர்பூண்டு கண்ட பள்ளத்திலெல்லாம் ஓடுவான். சூடேறினால் ஆவியாகி, உருவம் துறந்து, இருக்குமிடம் தெரியாமல் அறையெங்கும் நிறைவான். மூன்றும் ஒருவனே. வெப்பம் கூடினால் ஒரு வேடம், குறைந்தால் வேறு வேடம் என்பதன்றி வேறு கொள்கையில்லாத தேர்ந்த அரசியல்வாணன். அப்படி ஆவியாய்த் திரிந்தவன் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டானோ இல்லையோ, கொண்ட வெப்பத்தை அதனிடம் பறிகொடுத்து, மறுபடியும் நீராகி, எண்ணிலாத் துளிப்படையாய் அணிவகுத்துவிட்டான். கண்ணாடி வெளுத்தது. மீசை மறைந்தது.

பொங்கினார் வேந்தர்! இவ்விடத்தில் மதயானை ஒன்றை உவமையாகக் கொண்டுவந்து நிறுத்துவது மரபு. வாளியும் அவருமே அங்கு நெருக்கியடித்து நின்றதால் யானையை வெளியிலேயே விட்டுவிடுகிறோம். உள்ளங்கையால் ஒரு வீச்சு! பகைப்படை பிளந்தது, பிளவினூடே இடப்பக்க மீசை தெரிந்தது, கத்தரி பாய்ந்தது, அதற்குள் படை மூடிக்கொண்டது. மறுவீச்சில் வலப்பக்கம் தெரிந்தது. அது இடப்பக்கத்தைவிட நீளமாக இருந்தது. வெட்டினார். மூன்றாம் வீச்சில் பார்த்தால் இடப்பக்கம் நீண்டிருந்தது. நடுநிலை தவறாத வேந்தர் அல்லவா, அதையும் வெட்டினார்.

கதவைத் திறந்தால் ஆவி ஓடிவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கதவுக்கப்பால், தோளில் துண்டும் கையில் சோப்புப்பெட்டியுமாக முற்றுகையிட்டிருந்தான் மனைவியின் தம்பி. வீட்டுக்கு ஒரே குளியலறை. தாழ்ப்பாள் இம்மி விலகினாலும் அவன் நுழைவான். நுழைந்தால் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிமுடித்துத்தான் வருவான். ஆவியை வெளித்தள்ளும் மின்விசிறியோ, 'நானே சரிபண்ணிடறேன்' என்று வேந்தர் அதைக் கழற்றி மாட்டிய நாள்முதல் சுற்றுவதில்லை. கோட்டையைக் கொடுத்து மீசையைக் காப்பதா? காறித்துப்பாதா வரலாறு?

"மாமா! குளிக்கிறீங்களா, இல்ல உள்ளயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?"

"அடுத்த சில நிமிடங்களுக்குக் கதவு திறக்க வாய்ப்பில்லை!" என்று வானொலிக் குரலில் பிரகடனம் செய்தார் வேந்தர்.

"நேத்து மழைக்கும் இப்படித்தான் வாய்ப்பில்லைன்னீங்க. தொப்பலா நனைஞ்சு வந்தேன்."

"டேய், அவரை அவசரப்படுத்தாதடா. கையில கத்தரி இருக்கு" என்றது அடுக்களையிலிருந்து அரசியின் குரல்.

அவசரம் புகுந்த இடத்தில் அறிவு தங்குமோ? மூக்குக்கண்ணாடியை வாயருகே பிடித்து 'ஹா' என்று ஊதித் துடைக்கும் பழக்கத்தில், சுவர்க்கண்ணாடியையும் நெருங்கி, அடிவயிற்றிலிருந்து ஊதினார் ஒரு பேரூதல். அந்தோ! மூச்சிலும் இருப்பது அதே குலத்தான் அல்லவா? தம் வாயாலேயே பகைவனுக்குத் துணைப்படை அனுப்பிவைத்த முதல் மன்னர் இவரே. சினந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை வீசியடித்தார். கணநேரம் பளிங்காய் ஒளிர்ந்தது கண்ணாடி. அக்கணத்தில் வலப்பக்கம் பாதி போயிற்று. ஆனால் குளிர்ந்த கண்ணாடி முன்னிலும் ஆவலாய் ஆவியை அழைக்க, முன்னிலும் அடர்த்தியாய் வந்திறங்கியது படை.

வீச்சு, வெட்டு, வீச்சு, வெட்டு. காடு தோப்பாயிற்று, தோப்பு பாத்தியாயிற்று, பாத்தி இரண்டு எறும்புகளாயிற்று. எறும்புகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கண்ணீர் மல்க, நீதியின் பெயரால், சவரக்கத்தியை எடுத்தார்.

பின்பு தாழ்ப்பாளை நீக்கினார். காப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

முற்றுகையிட்டவன் உள்ளே பாயவில்லை. சோப்புப்பெட்டி கைநழுவ, "அக்கா... இங்க வாயேன்" என்றான்.

வந்தாள். பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா என்பதில் புலவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

"என்னங்க இது! அவங்க கூப்பிட்டது மீசையை. இப்ப நாம யாரை அனுப்பறது?"

நாடிழந்த வேந்தர், முடியிழந்த முகத்தை உயர்த்தி, இத்தனை அழிவுக்கும் காரணமான மாயப்பகைவனை இறுதியாக ஒருமுறை நேருக்குநேர் நோக்கிச் சபித்துவிட்டு வீரசுவர்க்கம் புகுவதென்று உறுதிபூண்டு, கத்தரியைத் தலைக்குமேல் ஓங்கி, இடிபோல் திரும்பினார்.

கதவு திறந்திருந்ததால் கண்ணாடி காய்ந்துவிட்டது.