ஆக்லாந்து சம்பந்தி மெல்போர்ன் சம்பந்திக்கு எழுதியது

கிழக்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய ராஜகோபால் சார் அவர்களுக்கு,

வேதாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி கனகவல்லியும் சுகம். முடிச்சூரில் தாங்களும் தங்கள் துணைவியாரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். முதலில் 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் நடந்ததை நினைத்து, அதை அடித்துவிட்டு 'சார்' போட்டிருக்கிறேன். நிலைமை சீரானால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆக்லாந்தில் இருக்கும் என் மகன் ஷ்யாம்சுந்தரும் மெல்போர்னில் இருக்கும் தங்கள் மகள் சின்மயியும் ஒருவரையொருவர் விரும்புவதாகச் சொன்னபோது, நம் இருவரையும் போலச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டா? பீச் ரயிலில் ஒரே பெட்டியில், ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டே வேலைக்குப் போய் ரிட்டயர் ஆனவர்கள் நாம். நாம் பார்த்த வெளிதேசம் திருப்பதி. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும்கூட நம்மைப் போலத்தான் சார். ஒரே ராஜா, பக்கத்துப் பக்கத்துக் கடல், யுத்தத்துக்குப் போனாலும் தோளோடு தோள் சேர்ந்து போனவர்கள். அவர்களே ஒற்றுமையாக இருக்கும்போது தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் என்ன வந்தது?

ஆரம்பித்தது தாங்கள்தான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு, நியூசிலாந்தில் புத்தாண்டு பிறந்த கையோடு, மரியாதையாகப் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். "எங்களுக்கு ஆறரைக்குத்தான் சார் பொறக்கும், அப்புறமாக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டீர்கள், முடிச்சூரில் உட்கார்ந்துகொண்டு! சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் பூங்கா பெஞ்சில், நாலு பேர் முன்னால், "உங்க நியூசிலாந்து எங்க ஆஸ்திரேலியாவுக்குக் கார் ஷெட் மாதிரி சார்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில், எண்பத்தொன்றாம் வருஷம் மெல்போர்ன் மைதானத்தில் கடைசிப் பந்தை நாங்கள் சிக்ஸர் அடித்துவிடப் போகிறோமே என்று பயந்து தரையோடு உருட்டிவிட்ட ஆட்கள்தானே நீங்கள் என்று கேட்டேன். தப்பா? அன்றைக்கு மத்தியானம் தங்கள் வீட்டிலிருந்து வருவதாக இருந்த மோர்க்குழம்பு வரவில்லை. கனகவல்லி வெறும் ரசம் வைத்தாள்.

இத்தனையையும் முழுங்கிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பண்ணத் தட்டோடு வந்தோம். கேக்கில் ஆஸ்திரேலியக் கொடி போடச் சொல்லிவிட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். பெட்டியைத் திறந்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய நட்சத்திரமெல்லாம் சிவப்பு. அது எங்கள் கொடி! தாங்கள் பெரிய மனசு பண்ணி எங்கள் கொடியைப் போட்டிருப்பதாக நினைத்து நான் கைதட்டினேன். தாங்கள் பேக்கரிக்காரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தீர்கள். அவன் என்ன சொன்னான்? "இன்னா சார், ரெண்டும் ஒரே மாதிரி தானே கீது. நட்சத்திரம் கலர் மாறிப்போச்சின்னு இவ்ளோ பேஜார் பண்றியே. துன்னா ரெண்டும் ஒரே டேஸ்ட்டு." அந்த மனுஷனுக்கு இருந்த விவேகம்கூட இல்லாமல், தாங்கள் ஒரு ஸ்பூனை எடுத்துச் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தீர்கள். கூடியிருந்த ஜனங்கள் முன்னால் என் நாட்டுக் கொடியைச் சுரண்டினால் நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா? தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் எங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். தேங்காய், பழம், வெற்றிலை, பிள்ளையின் கல்யாணம் எல்லாம் இப்போது எங்கள் டைனிங் டேபிளில் மாறாமல் உட்கார்ந்திருக்கின்றன. எறும்பு வந்துவிட்டது.

கனகவல்லி என்னோடு பேசுவதில்லை. பேசியது ஒரே தடவை. "அந்த நாட்டைப் பத்தி ஊரெல்லாம் பேசறீங்களே, புள்ளைகிட்ட என்னிக்காவது அஞ்சு நிமிஷம் பேசியிருக்கீங்களா?" என்றாள். உண்மைதான் சார். அவன் போன் செய்தால் "சாப்ட்டியாப்பா"வுக்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் அந்த நாட்டு மழை, ஆடு, எரிமலை என்று தேடித்தேடிப் படிக்கிறேன். படிக்கிற நேரம் அவன் பக்கத்து ரூமில் இருக்கிற மாதிரி இருக்கிறது. தங்களுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு சின்மயி ஆக்லாந்துக்குத்தான் வர வேண்டும். பத்திரிகையில் ஆக்லாந்து மேலே, மெல்போர்ன் கீழே. 'கார் ஷெட்' என்று சொன்னதை அதே பெஞ்சில், அதே நாலு பேர் முன்னால் வாபஸ் வாங்க வேண்டும். அதுவரை தட்டு என் வீட்டை விட்டு நகராது, நானும் இதிலிருந்து ஓர் அங்குலம் நகர மாட்டேன்.

துணைவியாருக்கு எங்கள் வணக்கங்கள். குழந்தை சின்மயிக்கு என் ஆசிகள். எந்தக் கரையில் இருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உறுதியுடன்,
வேதாசலம்

பின்குறிப்பு: சம்பந்தி, கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஷ்யாம் போன் செய்தான். "ஆக்லாந்துன்னா மாமா பேச மாட்டாரு, மெல்போர்ன்னா நீங்க பேச மாட்டீங்க. அதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாத நாடா பாத்து, கனடால வேலை தேடிக்கிட்டோம்ப்பா" என்றான். இன்னும் தூரம் போகிறார்களே என்று கனகவல்லி அழுதாள். மனசு ஆற வாசலுக்கு வந்தால் எதிர் ஃபிளாட் ஸ்ரீநிவாசராகவன் நின்றிருந்தார். அவர் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறானாம். விஷயத்தைச் சொன்னதும், "கனடாவா? அது எங்க அமெரிக்காவுக்கு மொட்டை மாடிண்ணா!" என்று சிரிக்கிறார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். புதுப் பழத்தோடு தட்டையும், கையோடு இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலமே வருகிறேன். நயாகரா நம் கனடா பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியுமாம், தங்கள் காதில் மட்டும் போட்டு வைக்கிறேன்.