ஏழாம் நம்பர் கோழி

மனித குலம் புற்றுநோயின் பிடியிலிருந்து விடுதலை பெறும் நாள், 1984-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி என்று நிச்சயிக்கப்பட்டிருந்தது. இடம், வெண்ணந்தூருக்கு மேற்கே நொடித்துப்போன ஒரு ஜவ்வரிசி ஆலை. அந்த ஆலையைத்தான் டாக்டர் சின்னுசாமி குத்தகைக்குப் பிடித்து, புற்றுக்கட்டி ஆராய்ச்சி நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார். மெட்ராஸிலிருந்து மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு.

அதற்கு நாலு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், ஏழாம் நம்பர் கோழி செத்துக் கிடந்தது.

பார்த்தவன் ஆய்வக உதவியாளன் சுப்பையன். பன்னிரண்டு வெள்ளைக் கோழிகளுக்குக் கட்டி வரவழைத்து, அப்புறம் டாக்டர் தம் கைப்பட வடித்த மருந்தை ஊசி போட்டுக் குணப்படுத்தியாகிவிட்டது என்பதுதான் ஆராய்ச்சி. அந்த மருந்துக்கு டாக்டர் தம் பெயரையே வைத்திருந்தார். பன்னிரண்டும் உயிரோடு நின்றால்தான் நிபுணர்கள் ஒப்புதல் தருவார்கள். ஒன்று குறைந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம் என்று போய்விடுவார்கள்.

சுப்பையனுக்கு இரண்டு வருஷம் கிடையாது. அவன் வலது காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. அவன் சம்சாரம் சாரதாமணி வெள்ளிக்கிழமைதோறும் அதை நூலால் அளந்து பார்ப்பாள். நூல் நீண்டுகொண்டே போயிற்று. சேலத்து ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டும் என்றார்கள். சுப்பையன் பின்வாசல் வழியாக ஊர் வந்து சேர்ந்தான். "குழு ஒப்புக்கொள்ளட்டும். மானிட வர்க்கத்தில் முதல் ஊசி உனக்குத்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோழிகளை ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்த்துத்தான் சுப்பையன் தைரியமாக இருந்தான்.

பன்னிரண்டில் பதினொன்று பிழைக்கிற மருந்தே தனக்குப் போதும் என்று அவன் கணக்குப் போட்டான். நிபுணர்களுக்குத்தான் பன்னிரண்டு வேண்டும். அதற்கென்ன, வாங்கி வைத்தால் போயிற்று.

செத்த கோழியின் காலிலிருந்து ஏழு என்று பொறித்த தகர வளையத்தைக் கழற்றிக்கொண்டு, ஆலைக்குப் பின்னால் வேலமரத்தடியில் கோழியைப் புதைத்தான். சைக்கிளை மிதித்து ராசிபுரம் ரோட்டிலிருந்த கோழிப்பண்ணைக்குப் போனான். பண்ணையில் வேலை பார்த்த சின்னான், ஆராய்ச்சி நிலையத்தில் தீனி போடும் பெருமாயியின் அண்ணன். ஒரு வெள்ளைக் கோழியைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க ஆராய்ச்சிக்கு எத்தன கோழிதானுங்க வேணும்?" என்று கேட்டான். சுப்பையன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வளையத்தை மாட்டி, கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான்.

கூண்டுக்குள் ஏழாம் நம்பர் கோழி நின்றுகொண்டிருந்தது. காலில் வளையம், வளையத்தில் ஏழு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இமைக்காத ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது. மற்ற கோழிகள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. ஆலையின் பழைய புகைபோக்கிக்குள் காற்று புகுந்து யாரோ மூச்சு விடுவதுபோல் ஓசை வந்தது.

கை நழுவி, அக்குளில் இருந்த கோழியும் கூண்டுக்குள் குதித்தது. இரண்டு ஏழுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். தினமும் விடியற்காலையில் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டு வருவது அவர் வழக்கம். கூண்டின் முன் நின்று எண்ணினார். உதடு ஒரு கணம் நின்றது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னிரண்டுதானே சுப்பையா?"

"பன்னண்டுதானுங்க."

பதின்மூன்று கோழிகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெருமாயி தீனித் தட்டைச் சுரண்டினாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, ஒரு கோழி குறைந்தாலும் நீ நாளைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். கூடினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், வேறு யாரும் இல்லாதபோது, இரண்டு ஏழாம் நம்பர்களில் ஒன்றைப் பிடித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான் சுப்பையன். ஒன்று போனால் ஒன்று இருக்கும், கணக்குச் சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் கூண்டில் ஒரு ஏழுகூட இல்லை. பதினொன்றுதான் இருந்தன.

பூட்டு பூட்டியபடி இருந்தது. அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. உச்சி வெயிலில் மண்வெட்டியோடு வேலமரத்தடிக்குப் போய்த் தோண்டினான். புதைத்தது புதைத்த இடத்தில்தான் இருந்தது. மண் அப்பிய அதன் கண் பாதி திறந்திருந்தது. இங்கே ஒன்று, வீட்டுப் பரணில் கவிழ்த்த கூடைக்குள் ஒன்று. அப்படியானால் இடையில் வந்து பார்த்துவிட்டுப் போனது எது?

செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்று என்று டாக்டர் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறார். இப்போது கோழியே அப்படிப் பெருகுகிறது என்று சுப்பையனுக்குத் தோன்றியது. கை தானாகக் காதுக்குக் கீழே போயிற்று.

சனிக்கிழமை, கூடைக்குள் இருந்ததைத் திரும்பக் கொண்டுவந்து கூண்டில் விட்டான். பத்து நிமிஷம் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் மறுபடி இரண்டு ஏழுகள்.

டாக்டரிடமும் மாற்றம் தெரிந்தது. கடவுள் என்பது நுண்ணோக்கியில் அகப்படாத ஒரு வதந்தி என்று போன வாரம்வரை முழங்கிய மனிதர், சனிக்கிழமை நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். நுண்ணோக்கியின் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. சுப்பையன் அதைப் பார்ப்பதைப் பார்த்ததும், "பூஞ்சை வராமல் இருக்க. வெளிநாட்டில் இதுதான் முறை" என்றார். வெளிநாட்டில் அவர் மூன்று மாதம் இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை சுப்பையன் எதையும் தொடவில்லை. கூண்டின் முன் சூடம் ஏற்றிக் கும்பிட்டு, "இருக்கறதுன்னா இரு, போறதுன்னா போ. என் கழுத்த மட்டும் காப்பாத்து" என்று இரண்டு ஏழுகளிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் சரியாகப் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. ஒரே ஒரு ஏழு.

நிபுணர்கள் கழுத்தில் மாலையோடு கொட்டகைக்குள் வந்து எண்ணினார்கள். கோழிகளின் மினுமினுப்பைப் புகழ்ந்தார்கள். இவை நோயே கண்டிராதவை போல் இருக்கின்றன என்று மூத்தவர் வியந்தார். அறுத்துப் பார்க்க ஒரு கோழியைக் கேட்டு, அவராகவே கூண்டுக்குள் கையை விட்டு எடுத்தார். அது ஏழு.

டாக்டரின் முகம் சாம்பலாகப் போனதைச் சுப்பையன் கண்டான். தன் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் மண்தான் கொட்டும் என்று அவன் நினைத்தான். ஆனால் மேசைமேல் வந்தது ஒரு ஈரல். கட்டி இருந்த அடையாளமே இல்லாத, வழவழப்பான, சிவந்த ஈரல். மூத்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் டாக்டர் அரைமணி நேரம் பேசினார். சரித்திரம் இந்த ஜவ்வரிசி ஆலையை மறக்காது என்றார். முடிவில் சுப்பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான். ஊசி ஏறும்போது எரிந்தது. கைதட்டல் கேட்டது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

சுப்பையன் மட்டும் கொட்டகைப் படியில் உட்கார்ந்தான். நாலு நாள் பாரம் நெஞ்சில் கிடந்தது. யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. எதிரே பெருமாயிதான் தட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பெருமாயி, யார்கிட்டயும் சொல்லிப்போடாத. நெசமான ஏழாம் நம்பரு வியாழக்கிழமயே செத்துப் போச்சு. நாந்தான் வேற வாங்கியாந்து வெச்சேன்."

"தெரியுமுங்க சாமி" என்றாள். "அன்னிக்கு உங்களுக்கு முன்னால டாக்டரய்யாதான் செத்தத மொதல்ல பாத்தாரு. அவரும் ஒண்ணு வாங்கியாந்து, புதுசா வளையம் அடிச்சு வெச்சாரு. அப்பறம் நீங்க ஒண்ணு எடுக்க, அவரு ஒண்ணு எடுக்க. நீங்க ஒண்ணு வெக்க, அவரு ஒண்ணு வெக்க. நேத்து நீங்க சும்மா இருந்தீங்க, அவரு ஒண்ண எடுத்துட்டுப் போனாரு. பெரிய மனுசங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

சுப்பையன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எலுமிச்சம்பழத்தின் சூட்சுமமும் விளங்கிவிட்டது. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டான்.

"செரி, ஒண்ணு போனாப் போச்சாது. மிச்சம் பதினொண்ணும் கல்லாட்ட நிக்குதுல்ல? எனக்கு அது போதும்."

பெருமாயி தட்டைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"அந்தப் பதினொண்ணும் தீவாளிக்கு முன்னாலயே செத்துப் போச்சுங்க சாமி, கணக்குக் கொறையக் கூடாதுன்னு எங்க அண்ணங்கிட்ட வாங்கி நாந்தான் மாத்தி வெச்சேன், கடசி வரைக்கும் தாக்குப் புடிச்சது அந்த ஏழாம் நம்பரு ஒண்ணுதானுங்க."