பூவெட்டு மிஷினும் ரம்பம் அண்ணாச்சியும்

கோவில்பட்டியில் கரண்டு நிற்கும், குழாய்த் தண்ணீர் நிற்கும். ரம்பம் அண்ணாச்சியின் பேச்சு மட்டும் நின்றதாகச் சரித்திரமே இல்லை. மரத்தையும் அறுப்பார், ஆளையும் அறுப்பார். ஒரே பட்டப்பெயரில் ஊர் இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் கடைசி. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில், பீடத்துக்குப் பின்னால் தேக்கில் திராட்சைக்கொடி வேலைப்பாட்டோடு ஒரு தடுப்பு செய்ய அவருக்கு ஆர்டர் வந்தது. கொடியேற்றத்துக்குள் முடியாவிட்டால் தூத்துக்குடியில் ரெடிமேடாக வாங்கிக்கொள்வோம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கை ரம்பத்தால் அது ஆகிற காரியமில்லை. நூல் மாதிரி பிளேடு மேலும் கீழும் ஓடி, வளைவு வளைவாக வெட்டும் ஸ்குரோல் சா வேண்டும். அண்ணாச்சி அதற்கு ‘பூவெட்டு மிஷின்’ என்று பெயர் வைத்தார்.

அவர் பட்டறைக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த என்னையும், மனைவி ரோசம்மாளையும் கூட்டிக்கொண்டு மிஷின் கடைக்குப் போனார். ஓடும் மிஷின் மேல் ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். முதல் மிஷினில் பெட்டி கரகாட்டம் ஆடி விழுந்தது. இரண்டாவதில் நின்றது. ஆனால் பிளேடைக் கழற்ற ஒரு குட்டிச் சாவி வேண்டுமாம்.

“ஒவ்வொரு பழத்துக்கு நடுவுலயும் ஓட்டை போட்டு, பிளேடக் கழட்டி உள்ள விட்டு மாட்டணும். சாவியத் தேடுததுக்குள்ள திருநாளே முடிஞ்சிரும்” என்றார்.

மூன்றாவதில் பெட்டி அசையவில்லை. பிளேடும் கையாலேயே கழன்றது. கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். அண்ணாச்சியோ மிஷினை ஓடவிட்டு, ரோசம்மாளை ஏதாவது சொல்லச் சொன்னார். உதடு அசைந்தது. மிஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“இது வேண்டாம்.”

கடைக்காரர் பேனாவை வைத்தார். “மிஷின் வாங்க வந்தீயளா, ரேடியோ வாங்க வந்தீயளா?”

“படம் வரையுதது இவதான். கோட்ட விட்டு மயிரிழை விலகினாலும் இவ கண்ணுக்குத்தான் தெரியும். தொண்டை சின்னது, கத்த வராது. இவ சொல்லுதது கேக்காத மிஷின வச்சு நான் என்னத்த அறுக்க?”

நான் குனிந்து பார்த்தேன். இரைச்சலில் பாதி, அடியிலிருந்த தகர ஸ்டாண்டு போட்டது. எதிரிலிருந்த சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, நறுக்கி, நான்கு மூலையிலும் மிஷினுக்கு அடியில் கொடுத்தோம். மறுபடி ஓடவிட்டபோது தையல் மிஷின் சத்தம்தான் வந்தது.

ரோசம்மாள் தன் வழக்கமான குரலில், “இதையாவது வாங்குதீயளா, இல்ல நான் பஸ்ஸுக்குப் போகட்டா?” என்றார்.

“இவ சொன்னது கேட்டுட்டுல்லா” என்றார் அண்ணாச்சி. “பில்லப் போடும்வே.”

கொடியேற்றத்துக்கு முந்தின நாளே தடுப்பு பீடமேறியது. பூசை முடிந்து, கொத்துக் கொத்தாகத் தொங்கிய மரத்திராட்சையைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் நெருக்கியது. பாராட்டியவர்களிடமெல்லாம் அண்ணாச்சி ஒரு வார்த்தையும் பேசாமல், ரோசம்மாளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒதுங்கினார்.

எல்லோரும் திராட்சைக்கொடியைப் பார்த்தார்கள். நான் அண்ணாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.