செம்பருத்தி வேலிக்கு வந்த வெள்ளை நோய்

அஹமது கபீர் குவைத்தில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டுக் கூத்தாநல்லூர் திரும்பினார். மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டில் அகப்பட்டது மனைவி கமருன்னிஸா ஒருத்திதான்.

மூன்றாம் நாளே அடுப்படிக்குள் நாற்காலி போட்டுவிட்டார். மசாலா டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினார். வெங்காயம் நறுக்க எத்தனை நிமிஷம் என்று வாட்சைப் பார்த்தார். வெங்காயத்துக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. கமருன்னிஸா அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றியே சமைத்து முடித்தாள். அதற்கே அந்த அம்மாவுக்கு ஒரு சலாம் வைக்கலாம்.

மறுநாள் காலை வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, செம்பருத்தி வேலிய வந்து பாருங்க. எங்க வாப்பா வச்சது. எலை பூரா வெள்ளையா கெடக்கு."

கபீர் இலையைப் பார்த்தார். போனையும் பார்த்தார். "மாவுப்பூச்சி."

"பொழைக்குமா?"

"நான் இருக்கேன்ல."

வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தார். பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த வெற்றியைச் சொல்ல அடுப்படிக்குப் போனவர், அப்படியே குழம்பையும் திருத்தினார். விடிந்தால் மறுபடி வெள்ளை.

இந்தத் தடவை உற்றுப் பார்த்தார். எறும்பு இல்லை, பிசுபிசுப்பு இல்லை. "பூச்சி இல்ல, சாம்பல் நோய்" என்று கட்சி மாறினார். நெருக்கமான கிளைகளைக் கழித்தார். வேரடியில் தேங்கிய தண்ணீருக்கு வடிகால் வெட்டினார். வேலி அப்படித் தழைத்தது. உள்ளே போன அணில் வெளியே வர வழி கேட்டது. ஆனாலும் நோய் விட்டபாடில்லை.

"கமரு, கவனிச்சியா? நான் அடுப்படிக்கு வந்த மறுநாள்தான் வருது."

"எனக்கும் தோணுச்சு. கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

"அடுப்புச் சூட்டோட போயி செடியத் தொடுறேன்ல, அதான்."

"டாக்டரு சொன்னா சரி."

அன்றோடு அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாப்பாடே வேலியோரத்துக்கு வந்தது. நாற்பது நாளில் நோய் போன இடம் தெரியவில்லை. தெருவே அவரை டாக்டர் என்றது.

அப்போது பக்கத்து வீட்டு ஷஹ்பாஸ் மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். இரண்டாம் நாள் அவர் மனைவி ஷம்சாத் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இந்தப் பக்கம் கபீர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படி ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்:

"லாத்தா, எங்க வீட்டு ஆளும் அடுப்படில நாற்காலி போட்டுட்டாரு. செடில தூவுற இடியாப்ப மாவ வறுத்துக்கணுமா?"

ஜன்னலிலிருந்து கமருன்னிஸா சொன்னாள்: "பச்சையாவே தூவு. மிச்சத்த, இந்தா குனிஞ்சிருக்காரே டாக்டரு, அவரு பாத்துக்குவாரு."

கபீர் நிமிரவில்லை. களை இன்னும் நிறைய இருந்தது.