ஏரியில் மிதந்த தலைகளும் என் சாம்பிள் பாட்டில்களும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பாதிதான் உண்மை. எனக்கு வெளுத்ததும் பேய்தான்.

திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளை நான். பழவேற்காடு ஏரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் லேப் ஒன்றில் சாம்பிள் எடுக்கும் வேலை கிடைத்தது. (எடுக்கும் விதத்தை செல்போன் வீடியோவில்தான் கற்றேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.) முதல் வேலையே ஏரியில். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குச் சில வாரங்களாக விரலெல்லாம் எரிச்சல். அகப்படும் இறாலும் செத்துக் கிடக்கிறதாம். தண்ணீரில் என்ன கலக்கிறது என்று தெரிந்தால்தான் அதிகாரிகளிடம் பேச வாய் இருக்கும். கடல்நீர் ஏறினால் எல்லாம் நீர்த்துவிடும் என்பதால், ஏரி வற்றி நிற்கும் விடியற்காலையில் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

மார்கழிப் பனி. பாட்டில்களை நிரப்பி ஐஸ் பெட்டியில் அடுக்கி முடித்தபோது படகு சேற்றில் தட்டியது. படகுக்காரர் ஏழுமலை அண்ணன் ஆழம் பார்த்து வருவதாக இறங்கி நடந்தார். பனி அவரை விழுங்கியது.

தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. எங்கோ பூநாரைகள், பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவதுபோல முணுமுணுத்தன. சட்டென்று அதுவும் நின்றது.

பனிக்குள் ஒரு தலை தெரிந்தது. உடம்பு இல்லை. தண்ணீர்மேல் தலை மட்டும் என்னை நோக்கி நகர்ந்து வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

“யாரு?” என்றேன்.

தலைகள் நின்றன. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஏதோ தொங்கியது. மறுபடி கேட்டேன். எல்லாம் சேர்ந்து, “ம்ம்ம்” என்றன.

(குலதெய்வத்தின் பெயர் மறந்துபோய், லேப் மேனேஜர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன்.) கைக்கு அகப்பட்டதை எடுத்து எறிந்தேன். அகப்பட்டவை சாம்பிள் பாட்டில்கள். கடைசி பாட்டிலையும் எறிந்துவிட்டு, செத்தாலும் நீந்திச் சாவோம் என்று குதித்தேன். தண்ணீர் முழங்காலளவு.

முதல் தலை எழுந்து முழு அம்மாவாக நின்றது. இறால் தடவும் அந்தப் பெண்களில் ஒருவர், கன்னியம்மா. பல்லில் கவ்வியிருந்த ஓலைப்பறியைக் கையில் எடுத்தார். தண்ணீரில் குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். அகப்படும் இறாலைப் போடும் பறி வாயில்தான் இருக்கும். வாயைத் திறந்தால் இறால் போச்சு.

“இன்னா சார், எங்க தண்ணிய எங்க மேலயே வுட்டு அடிக்கிற?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திறந்துபோன பாட்டில்களைப் பொறுக்கித் தந்த அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. மாற்று பாட்டில் என்னிடம் இல்லை. கடல்நீர் ஏறத் தொடங்கியிருந்தது. “அப்போ இன்னும் ஒரு நாளு எரியணும்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் புது பாட்டில்களோடு அதே ஏழுமலை அண்ணன் படகில் போனேன். நான் பயப்படக் கூடாதென்று அவர்கள் பறியைக் கரையில் வைத்துவிட்டு, அன்றைய இறாலையும் விட்டுவிட்டு, பனிக்குள் சத்தமாக மருமகள் கதை பேசிக்கொண்டே கூட வந்தார்கள். ஆள் தெரியவில்லை, பேச்சு மட்டும் நாலா பக்கமும் நடந்து வந்தது. தலைகளே தேவலை என்றிருந்தது. ஆனால் பாட்டிலை விடவில்லை.

சாம்பிள் ஐஸ் உருகும் முன் லேப் போய்ச் சேர்ந்தது. விரல் எரிச்சலுக்குக் காரணம் எழுத்தில் வந்தது. அந்தத் தாளோடுதான் கன்னியம்மா பொன்னேரி ஆபீசுக்குப் போனார்.

இன்றும் என் மனைவி ஹேர்பின்னைக் கடித்தபடி தலை வாரும்போது நான் ஏதாவது கேட்டு, அவள் “ம்ம்” என்றால் போதும். என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

“அம்மா, வாயத் தொறந்து பதில் சொல்லிடு. நைனா பாட்டில தேடுது.”