எம்.எல்.ஏ. சொல்லாத ஆறு மணி

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே காணாமல் போகிற வித்தை எனக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், நானும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன், நடுநடுவே “ஓஹோ” கூடப் போடுவேன். ஆனால் நான் அங்கே இருக்க மாட்டேன். பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமனார் தன் மூட்டு வலியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லி முடித்ததும் “ரொம்ப சந்தோஷம்” என்றவன் நான். (அதற்குப் பிறகும் பெண்ணைக் கொடுத்தார்கள். தில்லியில் தமிழ் மாப்பிள்ளைக்கு அவ்வளவு தட்டுப்பாடு.)

இப்படிப்பட்டவனை வேறு எந்த வேலைக்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம், மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடக் கூடாது. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கும்பகோணத்திலிருந்து ஒரு பொதுத்துறை நிறுவன வேலைக்காக வந்து, மேற்கு தில்லியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். மனைவி சுதா சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் ஹிந்திக்குப் போய்விடுவாள், தமிழுக்குத் திரும்பி வர நேரமாகும். அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எம்.எல்.ஏ. சிறப்பு விருந்தினராக வந்தார். வரவேற்புரை சொன்னது நான். அருமையான ஹிந்தி. எழுதிக் கொடுத்தவள் சுதா, நான்கு நாள் உருப்போட்டவன் நான். எம்.எல்.ஏ.வின் பி.ஏ. குப்தாஜி மேடையிலிருந்து இறங்கும்போதே என் கையைப் பிடித்துக் குலுக்கி, செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மார்ச் மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ரயில் பாதை ஓரத்துத் தமிழ் பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். தொகுதியில் எந்தெந்தப் பிரச்சினை எந்த நிலையில் இருக்கிறது என்று விதாயக்ஜியே மக்களுக்கு நேரில் சொல்லப் போகிறார். (எம்.எல்.ஏ.வை இங்கே விதாயக்ஜி என்றுதான் சொல்வார்கள்.) தமிழ் சகோதரிகளுக்குப் புரிய வேண்டாமா, நீங்கள்தான் தமிழில் சொல்ல வேண்டும் என்றார் குப்தாஜி. நான் யோசிக்கிற மாதிரி இரண்டு விநாடி மௌனம் காத்துவிட்டு ஒப்புக்கொண்டேன். அன்று மாலையே கரோல் பாக் போய், கையில்லாத கதர் ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடி முன் நின்று பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அந்த பஸ்தியில்தான் செல்வி இருந்தார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்க வருகிறவர், கள்ளக்குறிச்சிப் பக்கம். அவர்கள் சந்துக்குக் குழாய் கிடையாது, தண்ணீர் லாரிதான். அந்த லாரி வருகிற நேரம் காலை பத்தரை. உலகத்தில் உள்ள அத்தனை பாத்திரங்களும் தேய்க்கப்படுகிற நேரமும் அதுதான். தினமும் பத்தேகாலுக்குச் செல்வி சோப்புக் கையை உதறிவிட்டு, “வந்துர்றேன் அக்கா” என்று ஓடுவார். ஓடாவிட்டால் வீட்டில் தண்ணீர் இல்லை, ஓடினால் வேலை இல்லை. இரண்டு வீடுகள் அப்படித்தான் போயின. எங்கள் மேல் மாடி அம்மாளும் இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன், அப்புறம் வேறு ஆள்தான் என்று சொல்லியிருந்தார். செல்வி தண்ணீர் லாரிக்காரர்களிடம் முறையிட்டார், கடிதம் எழுதிப் போட்டார், ஒன்றும் நகரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் போதும் என்பதுதான் அந்தச் சந்துக்கே இருந்த ஒரே கோரிக்கை.

சனிக்கிழமை நல்ல வெயில். ஆனால் தில்லியில் மார்ச் வெயில் திட்டாது. சந்து முனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அதன் சிவப்பும் மஞ்சளுமான துணி வழியாக வெளிச்சம் இறங்கி எல்லோர் முகத்திலும் படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய இலவமரம். இலை ஒன்றுகூட இல்லை, மரம் முழுக்கச் சிவப்புப் பூ. சற்றைக்கொருதரம் ஒரு பூ கனமாக ஷாமியானா மேல் விழுந்து மெல்ல உருண்டது. சுவரோரம் வரிசையாக நீல டிரம்கள் காலியாகக் கிடந்தன. நூறு பெண்களாவது தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செல்வி, மடியில் செல்போன்.

ஆரம்பம் பிரமாதம். விதாயக்ஜி ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். தெருவிளக்குகள் எதுவரை வந்திருக்கின்றன என்று சொன்னார், சொன்னேன். சாக்கடை மூடி பற்றிச் சொன்னார், அதற்கு நான் இரண்டு அடைமொழிகளைச் சொந்தச் செலவில் சேர்த்தேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

பிறகு அவர் தண்ணீருக்கு வந்தார். வந்ததும் நிறுத்துவதை மறந்துவிட்டார். எந்த இலாகாவின் அதிகாரம் எங்கே முடிந்து எந்த இலாகாவின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது, தான் எழுதிய கடிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போயிற்று, அங்கிருந்து என்ன விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. நல்ல கனமான, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். முதல் ஒரு நிமிடம் மனத்தில் குறித்துக்கொண்டேதான் இருந்தேன். அப்போது மேலே ஒரு பூ விழுந்தது. அது துணியில் உருண்டு போவதன் நிழலைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

எங்கே போனேன் என்று இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அதே சந்துதான், ஆனால் மாலை நேரம். தண்ணீர் லாரி அவசரமே இல்லாமல் வளைந்து உள்ளே வருகிறது. யாரும் ஓடவில்லை. பெண்கள் வேலை முடிந்து திரும்பி, முகம் கழுவித் தலை வாரி, வாசலில் நிற்கிறார்கள். டிரம்கள் ஒவ்வொன்றாக நிறைகின்றன. யாரோ உடைந்த வாளியில் வைத்திருந்த சாமந்திச் செடிக்கு ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள். எங்கோ சோறு பொங்குகிற வாசனை. செல்வி ஒரு நிறைந்த டிரம்மின் மூடி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். செல்வி இப்படிச் சாவகாசமாக உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு மனசுக்கு மிகவும் இதமாக இருந்தது, அங்கேயே இருந்துவிடலாம் போல.

“போலியே, போலியே” என்றது ஒரு குரல். பேசுங்கள் என்று அர்த்தம். விதாயக்ஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்தாஜி மைக்கை என் மூக்கருகே தள்ளினார்.

தலைக்குள் தேடினேன். அங்கே இருந்தது அந்தச் சந்து மட்டும்தான். ஆகவே அதைச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து லாரி மாலை ஆறு மணிக்கு வரும், நீங்கள் வேலை முடிந்து நிதானமாக வீடு திரும்பியிருப்பீர்கள், யாரும் ஓட வேண்டாம், எல்லா டிரம்மும் நிறையும், பூச்செடிக்குக்கூட மிச்சம் இருக்கும் என்று. குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்றும் பிற்பாடு சொன்னார்கள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். பின்வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார். விதாயக்ஜி நெகிழ்ந்து போனார். இலாகாக்களின் அதிகார எல்லையைப் பற்றிப் பேசி இப்படி ஒரு வரவேற்பை அவர் வாங்கியதில்லை போலிருக்கிறது. நெஞ்சில் கையை வைத்து மூன்று பக்கமும் கும்பிட்டார்.

செல்வி எழுந்து நின்றார். செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“சார், இது உறுதிதானான்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க.”

நான் இன்னும் பாதி அந்தச் சாயங்காலத்திலேயே இருந்தேன். நீங்கள் சொன்னது உறுதிதானா என்று கேட்கிறார்கள் என்று விதாயக்ஜியிடம் சொன்னேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “பில்குல் பக்கா” என்றார். முழுக்க உறுதி என்று அர்த்தம். மறுபடி கைதட்டல்.

திரும்பும்போது குப்தாஜி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஒரே உற்சாகம். விதாயக்ஜியின் சாமர்த்தியத்தைக் கவனித்தீர்களா, தண்ணீர் பற்றி எட்டு நிமிடம் பேசினார், ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தாரா பாருங்கள் என்றார்.

அப்போதுதான் எனக்கு முழிப்பு வந்தது. ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்து சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செல்வி கொஞ்ச நேரம் முன்புதான் வந்து, திங்கட்கிழமையிலிருந்து நான் பத்தரைக்கு ஓட மாட்டேன் என்று மேல் மாடி அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

“அரே, பாகல் ஆயிட்டீங்களா?” என்று தொடங்கி அவள் ஹிந்திக்குப் போய்விட்டாள். (பாகல் என்றால் பைத்தியம்.) அன்று இரவுச் சாப்பாடு வரை திரும்பவில்லை.

எனக்கு வெட்கத்தை விட பயம்தான் அதிகமாக இருந்தது. என் பகல் கனவை நம்பி ஒரு மனுஷி தன் வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை நானே பஸ்திக்குப் போனேன். செல்வி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விதாயக்ஜி ஆறு மணி என்று சொல்லவே இல்லை, லாரி வராது, மேல் மாடி அம்மாளிடம் நானே பேசுகிறேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

செல்வி துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“தெரியுங்க சார்.”

“என்ன தெரியும்?”

“அவரு அப்படிச் சொல்லலைன்னு. இங்க வந்து இருபத்திரெண்டு வருசம் ஆவுது, எங்களுக்கு ஹிந்தி தெரியாதா? எம் புள்ளைங்க சண்டை போடுறதே ஹிந்திலதான்.”

எங்கள் வாசலில் காய்கறி வண்டிக்காரரைச் செல்வி ஹிந்தியிலேயே அழ வைத்ததை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சந்தில் இருந்த நூறு பெண்களும் தில்லி வீடுகளில் நாள் முழுக்க ஹிந்தி பேசி வேலை செய்கிறவர்கள். அந்தக் கூட்டத்திலேயே ஹிந்தி சுமாராகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். (ஜாக்கெட் போட்டிருந்ததும் நான் ஒருவன்தான்.)

பிறகு எதற்குக் கைதட்டினீர்கள் என்று கேட்டேன்.

“அவரு சொன்னதை மூணு வருசமா கேக்குறோம் சார். நீங்க சொன்னது புதுசா இருந்துச்சு. அவரு ஆளு, அவரு மைக்கு, அவரே பக்கான்னுட்டாரு. போன்ல புடிச்சு வெச்சிருக்கேன்” என்றார்.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு லாரி வரவில்லை. ஆறேகாலுக்கு நாற்பது பெண்கள் காலிக் கேன்களோடு எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறரைக்கு குப்தாஜி எனக்கு போன் செய்தார். அவர் குரலில் பொங்கல் விழாவின் இனிமை எதுவும் இல்லை.

உள்ளே விதாயக்ஜி மேஜை மேல் செல்வியின் செல்போன். அதில் நான், ஜாக்கெட்டோடு, தழுதழுத்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன சொல்லியிருக்கிறாய், ஹிந்தியில் சொல் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மொழிபெயர்ப்பைச் சிந்தாமல் சிதறாமல் செய்தேன். மூலமும் என்னுடையதுதானே. லாரி, ஆறு மணி, முகம் கழுவி நிற்கிற பெண்கள், நிறைகிற டிரம், எல்லாம் சொன்னேன்.

அவர் நம்ப முடியாமல், “பூச்செடிக்குக்கூடத் தண்ணீர் விட்டேனா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அப்படியானால் அந்தக் கைதட்டல் இதற்குத்தானா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உண்மையாகவே அவர் மேல் பரிதாபமாக இருந்தது.

அதற்குள் செல்வி முன்னால் வந்து நேராக அவரிடமே ஹிந்தியில் பேச ஆரம்பித்தார். பத்தரை மணி, போன இரண்டு வீடுகள், போகப் போகிற மூன்றாவது வீடு, மூன்று வருடக் கடிதங்கள். தங்கு தடை இல்லாத ஹிந்தி, சுதாவே கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள். விதாயக்ஜி வாயைத் திறந்தபடி கேட்டு முடித்துவிட்டு குப்தாஜி பக்கம் திரும்பினார். இவர்கள் எல்லோருக்கும் ஹிந்தி தெரியும் என்றால் இந்த ஆளை எதற்குக் கூப்பிட்டோம் என்று கேட்டார். குப்தாஜி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கொடுத்த வாக்கை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை என்றும் சொல்லலாம். எங்கள் எதிரிலேயே போனை எடுத்து, எட்டு நிமிடத்தில் சொல்லாததை அரை நிமிடத்தில் சொன்னார். லாரி நேரம் மாற மூன்று வாரம் ஆயிற்று. ஆறு மணிக்கு இல்லை, ஆறரைக்கு வந்தது. மேல் மாடி அம்மாள் வேறு ஆள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. காபி டம்ளரோடு நான் ஜன்னல் பக்கம் நின்று காணாமல் போனால், “அக்கா, சார் மொழிபெயர்க்கிறாரு” என்று செல்வி உள்ளே குரல் கொடுப்பார். மகள் வகுப்பில் கவனிப்பதில்லை என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பினால், அப்பாவுக்குத் தப்பாமல் மொழிபெயர்க்கிறாள் என்பாள் சுதா.

போன மாதம் ஒரு நாள் காலை சமையலறைப் பக்கம் போனேன். மணி பத்தரை இருக்கும். சிங்க்கில் குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. செல்வி ஒரு கையில் தேய்க்கிற நாரோடு, அசையாமல், அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வருடமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், விட முடியுமா?

“என்ன செல்வி, மொழிபெயர்ப்பா?” என்றேன்.

அவர் திரும்பவில்லை.

“ஆமா சார்” என்றார். “எங்க வீட்டுக்குள்ளயே குழாய் வருது.”