சூளைக் குதிரைக்குப் பல்லுப் பூச்சி

கருவேப்பிலங்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பந்தல் போட்டிருந்தார் பல்லுச்சாமி கார்முகிலானந்தா. சொத்தைப் பல்லுக்குள் இருக்கும் பூச்சியைப் புகை போட்டு இறக்குவாராம். பெண்ணாடத்திலிருந்து டிராக்டரில் வந்து குவிந்தது கூட்டம். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து வீடியோ காலில் வாயைப் பிளந்தார். சாமி செல்போனுக்குப் புகை போட்டார். பூச்சி இங்கே விழுந்தது, வலி அங்கே நின்றது.

சாமியின் முறை எளிது. ஒரு சட்டித் தண்ணீர், நடுவில் நீருக்கு மேல் நிற்கும்படி பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டு, அதன்மேல் ஒரு பிடி கண்டங்கத்திரி விதை. துளை போட்ட கலயத்தை மேலே கவிழ்த்து, துளையில் பப்பாளித் தண்டைச் செருகி நோயாளி வாயில் வைப்பார். கலயத்தைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சி. பல்லை விட்டு இறங்கி, நெருப்பைத் தாண்டி, தண்ணீரில் குதிக்கும் பூச்சிக்கு அரசாங்கம் பதக்கமே கொடுக்கலாம்.

அவ்வூர் சுகாதார நிலைய நர்ஸ் சிவசங்கரிக்குப் பல் வலிக்கு அவசர சிகிச்சை தரப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். போன வாரம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி போன் போட்டார்.

"இந்த வேலை உங்களுக்குத் திருப்தியா இருக்கா? அஞ்சுக்கு எத்தனை மார்க்?"

"பல்லு வந்தாத்தானுங்க சார் திருப்தி. இங்க ஈதான் வருது."

இன்று அவளே பந்தலுக்கு வந்துவிட்டாள். அங்கே அம்புஜவல்லி. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவள். வீங்கிய கன்னம் கண்ணை மூடியிருந்தது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. சிவசங்கரி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சீழு கழுத்துக்கு இறங்குது. மூச்சை அடைச்சிடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"ராஜாப் பூச்சி இன்னும் வரலீங்க சிஸ்டர்," என்றான் கணவன் விருத்தகிரி. அதே சூளையில் வேலை பார்ப்பவன். "அது வந்துட்டா வூட்டுக்குப் போயிடலாம்னு சாமி சொல்லியிருக்காரு."

அவன் காணிக்கையாகக் கொடுத்த பீங்கான் குதிரை, சாமி பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. சிவசங்கரி அதைத் தூக்கிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாமி, இதுக்குப் புகை போடுங்க."

"உசுரில்லாததுக்கா?"

"செல்போனுக்குப் போட்டீங்களே."

கூட்டம் ஆமாம் போட்டது. சாமிக்கு வியர்த்தது. சிவசங்கரியே சட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். விதை வெடித்தது. குதிரையின் வாயில் புகை. கலயத்தைத் தூக்கினால், சட்டி நிறையப் பூச்சி.

"பாவம், குதிரைக்கும் சொத்தை," என்றார் ஒரு பெரியவர்.

கூட்டமே குதிரையைக் கும்பிட்டது. விருத்தகிரி மட்டும் கும்பிடவில்லை. "இது நேத்து நான் சூளையிலேர்ந்து எடுத்ததுங்க. அந்தச் சூட்டுல எலும்பே மிஞ்சாது. பூச்சி எப்படி மிஞ்சும்?"

"பூச்சியில்லீங்க, சூட்டுல வெடிச்ச விதைக்குள்ளேர்ந்து தண்ணியில விழுந்த முளைங்க அது," என்றாள் சிவசங்கரி.

விருத்தகிரி மனைவியை அள்ளிக்கொண்டு ஓடினான். சாமி பந்தலின் பின்பக்கமாக நழுவிக் கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். மறுநாள் அம்புஜவல்லி டீ கேட்டுக் குடித்தாள். அதைப் பார்த்து சிவசங்கரி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

சென்னை போன் மறுபடி வந்தது. "இப்ப எத்தனை மார்க்?"

"நாலுங்க சார்."

"மீதி ஒண்ணு?"

"பந்தல் இன்னும் காலியாவலீங்க. குதிரைக்குச் சூடம் காட்டிக்கிட்டு இருக்காங்க."

அந்தக் குதிரையின் தலைக்குள் ஒன்றுமே கிடையாது. சூளையில் வெடிக்காமல் இருக்க அப்படித்தான் வார்ப்பார்கள். கும்பிடுகிறவர்களின் தலைக்கு என்ன காரணமோ.